ஓட்டுக் கேட்க வந்த பிரபு

இங்கிலாந்தில், எம்.பி. ரெயின்ஸ்ஃபோர்டின் தொகுதி அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவள் ஈனிட். யார்க்‌ஷர் மழையில் வீடு வீடாகக் கூட்டிப்போய், "கதவு திறந்ததும் அரசியல் பேசாதீங்க சார். முதல்ல நாயோட பேரைக் கேளுங்க" என்று அவருக்கு ஓட்டுக் கேட்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

ஒரு மந்திரியின் மனைவியோடு அவர் ஓட்டலில் தங்கியது பத்திரிகைகளில் நாறியபோது, "அன்னிக்கு சார் என்கூட ஆபீஸ்லதான் இருந்தார்" என்று நிருபர்களிடம் துணிந்து பொய் சொன்னாள். பொய் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவருக்குப் பதவி போயிற்று. அவளுக்கு வேலையும் போயிற்று, மானமும் போயிற்று. சர்ச்சில் அவள் பக்கத்தில் உட்காரக்கூட ஆளில்லை.

ஊர் மறந்ததும் கட்சி அவருக்குப் பிரபு பட்டம் வாங்கிக்கொடுத்து மேல்சபையில் உட்கார வைத்தது. அவளை எட்டிப் பார்க்கத்தான் நாதியில்லை.

இந்தத் தேர்தலில், புது வேட்பாளருக்காக ஓட்டுக் கேட்டு வந்த பிரபு அவள் வீட்டுக் கதவையும் தட்டினார். ஈனிட் திறந்தாள். அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார், பொறிதட்டவில்லை. காலடியில் குரைத்த நாயிடம் பழைய சிரிப்போடு குனிந்தார்.

"நாய்க்குப் பேர் என்னம்மா?"

"ஈனிட்" என்றாள்.

"நல்ல பேரு" என்று நாயின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, பிரபு அடுத்த வீட்டுக்குப் போனார்.