காட்டெருமையிடம் என்ன பேசுவது?

போன சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வளைவில் நின்றபடி, ஒரு காட்டெருமையிடம் என் முழங்கால் வலியைப் பற்றி விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு மட்டும் வேறு என்ன தோன்றியிருக்கும்?

முதலிலிருந்து சொல்கிறேன்.

ஐம்பத்து மூன்று வயதில் நான் மவுன்டன் பைக் வாங்கிய கதை இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். "மலை ஏறணும்னா பஸ் இருக்கே" என்று என் மனைவி சொன்னதையும் அப்போது எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அவர் கட்சி! இப்போது மூன்று வருடம் ஆகிவிட்டது. தன்னடக்கமெல்லாம் எதற்கு... நன்றாகவே ஓட்டுகிறேன். கோவையில் வாரத்துக்கு நான்கு நாள், விடிந்ததும் கிளம்பி இருபது கிலோமீட்டர். போன மாதம் கடைக்காரரிடம் சொல்லிப் பின்சக்கரத்துக்குள் கெட்டி கிரீஸ் வேறு போட்டு வாங்கினேன். பெடலை நிறுத்தினால் டிக்-டிக்-டிக் என்று ஒரு சத்தம் வருமே, அது இப்போது இல்லை. என் சைக்கிள் போவது எனக்கே கேட்காது. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

என் நண்பர் பிரவீன், கோத்தகிரி அருகே ஒரு ரிசார்ட்டில் மேனேஜர். விருந்தினர்களுக்காக ஒரு சைக்கிள் ரூட் தேடிக்கொண்டிருந்தார். "சார், நீங்க வந்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. நீங்க ஓகேன்னா எனக்கும் ஓகே" என்று போன் செய்தார். இப்படிச் சொன்னால் நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேனா?

ரூட்டைக் கண்டுபிடித்தவர் விஜயா. முப்பத்தைந்து வயது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் குடியேறிய குடும்பம். லயம் என்று தோட்டத்தில் சொல்லும் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, எட்டு வருடம் கொழுந்து பறித்தவர். பள்ளிக்கூடத்தில் இலவச சைக்கிள் கொடுத்தபோது, மலையில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கூடப் படித்த பாதிப்பேர் மேட்டுப்பாளையத்தில் விற்றுவிட்டார்களாம். இவர் விற்கவில்லை. தோட்டத்துப் பாதைகளில் விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டார்.

ரூட் பிரமாதம். மலையில் முதன்முதலாக வீடு கட்டிக்கொண்ட வெள்ளைக்கார கலெக்டரின் சிவப்பு பங்களாவில் ஆரம்பம். அங்கிருந்து மேடும் பள்ளமுமாகத் தேயிலைக்கு நடுவே ஒரு பழைய குதிரைப் பாதை. வழியில் எழுத்தெல்லாம் அழிந்து நிற்கும் மைல்கல் ஒன்று. பிறகு ஒரு சின்னச் சர்ச்சும், இருபத்திரண்டு வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த யாரோ ஒருவரின் கல்லறையும். கடைசியில் ஒரு நீண்ட இறக்கம், அதன் முடிவில் சோலைக்காடு, காட்டுக்குள் ஆயிரம் வருடமோ அதற்கும் மேலோ நிற்கும், இறந்தவர்களுக்காக எழுப்பிய கல்திட்டை. பதினெட்டு கிலோமீட்டருக்குள் இத்தனை சரித்திரம்! லயத்துப் பெண்கள் நான்கு பேருக்கும் விஜயா சைக்கிள் பழக்கி, தன்னோடு கைடு வேலைக்குத் தயாராக வைத்திருந்தார்.

பங்களா வாசலில் ஹெல்மெட் மாட்டும்போதே தகராறு ஆரம்பித்துவிட்டது.

"ஏனுங்க சார், வளைவு வர்றப்பல்லாம் எதையாச்சும் சத்தமா பேசிட்டே போங்க" என்றார் விஜயா.

"எதுக்கு?"

"காட்டுமாடு நிக்கும்ங்க. ஆளு வர்றது தெரிஞ்சா அதுபாட்டுக்கு நகந்துக்கும். தெரியாம பக்கத்துல போயி நின்னாத்தான் வம்பு."

"பெல் இருக்கே?"

"பெல்லு அதுக்குப் புதுசுங்க. பேச்சுன்னா பழக்கம். கொழுந்து எடுக்கப் போற பொம்பளைங்க லயத்துல இருந்து மலைக்குப் போற வரைக்கும் வாயை மூடவே மாட்டோம். தனியாப் போனாலும் பேசிட்டேதான் போவோம்."

பிரவீனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நம்ம கெஸ்ட் எல்லாம் பெங்களூர்ல இருந்தும் சென்னையில இருந்தும் வர்றாங்க. அவங்க காசு குடுக்கறதே அமைதிக்குத்தான். 'சைலன்ட் டிரெயில்'னு பேரு கூட யோசிச்சு வெச்சுட்டேன்" என்றார்.

"சத்தம் போடாம போற வழி எங்கிட்ட இல்லீங்க சார்."

அந்தப் பதிலை அவர் எவ்வளவு பயத்தோடு சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சர்ச் வாசலில் தண்ணீர் குடிக்க நின்றபோது சொன்னார். "இது அமையலைன்னா வைகாசியில திருப்பூருங்க. எங்க ஊட்டுக்காரரு பனியன் கம்பெனியில சொல்லி வெச்சிட்டாரு. பாப்பா இங்க எட்டாவது படிக்குது. அவளுக்கும் போக மனசில்ல, எனக்கும் இல்ல."

வேலை கைக்கு வரவில்லை. முடிவு செய்ய வேண்டிய மனிதர் எதிரிலேயே நிற்கிறார். அவர் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். நானாக இருந்தால் ஆட்டியிருப்பேன்.

இத்தனைக்கும் நான் பிரவீன் கட்சி. மலைக்கு வந்து கூச்சல் போடுவதா? நகரத்தில் ஹாரனும் லவுட் ஸ்பீக்கரும் போதாதா? காலை வெயில், பனி, தேயிலை வாசனை... இதற்கு நடுவே வாய்க்கு என்ன வேலை? அந்தக் கடைசி இறக்கத்தையாவது சத்தமில்லாமல் இறங்கிவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

வாய்ப்பும் கிடைத்தது. இறக்கம் தொடங்கும் இடத்தில் பிரவீனின் சீட் லூசாகிவிட, விஜயா குனிந்து அதை முடுக்கிக்கொண்டிருந்தார். நான் நழுவினேன்.

ஆஹா... அந்த முதல் இரண்டு வளைவுகளை எப்படிச் சொல்வேன்! சத்தமே இல்லாத சைக்கிள். இருபுறமும் வாரிவிட்ட தலைபோலத் தேயிலை. மூன்றாவது வளைவில் லேசான பனி. பனிக்குள் பாதையை அடைத்துக்கொண்டு கறுப்பாக ஏதோ நின்றது. தோட்டத்து டிராக்டர் என்று நினைத்தேன். டிராக்டர் காதை ஆட்டியது.

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். முன்சக்கரம் சறுக்கியது, கீழே விழுந்தேன், விழுந்த வேகத்தில் எழுந்து சைக்கிளைக் குறுக்கே பிடித்துக்கொண்டேன். பதினைந்து அடி தூரத்தில் ஒற்றைக் காட்டெருமை. நான்கு காலிலும் வெள்ளை சாக்ஸ் போட்டது போல. என் தோள் உயரத்துக்கு மேலே அதன் முதுகு. சட்டென்று தலையைத் திருப்பிப் புஸ்ஸென்று மூச்சு விட்டது.

அது என்மேல் பாய்வது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் அடுத்த நொடியில் வந்தது. பாதைக்குக் கீழே, சரிவில், ஆறு பெண்கள் முதுகில் கூடையோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மிரண்டு ஓடும் மாடு பள்ளத்தைப் பார்த்துத்தானே ஓடும்?

மேலே இருந்து, என்னைத் துரத்தி வந்துவிட்ட விஜயாவின் குரல் வந்தது. "சார், ஓடாதீங்க. கத்தாதீங்க. பேசுங்க. ஊட்டுல பேசற மாதிரி பேசுங்க!"

பேசுவதா? பல வருடமாக வாராவாரம் பேசியே பிழைக்கிறவன் நான். கல்யாண வீட்டில் மைக் கிடைத்தால் பந்தி முடியும் வரை விட மாட்டேன். அன்றைக்குப் பார்த்து ஒரு வார்த்தை வரவில்லை.

கீழே இருந்த பெண்கள்தான் ஆரம்பித்தார்கள். ஒருவரும் அலறவில்லை. கைவேலையைக் கூட நிறுத்தவில்லை. "ரேஷன்ல இந்த மாசம் பருப்பு வந்துருச்சாடி?" என்று ஒரு குரல். "எங்க வந்துச்சு, நாளைக்கு வா, நாளைக்கு வான்னு விரட்டுறான்" என்று இன்னொரு குரல். சாதாரணப் பேச்சு. கொஞ்சம் உரக்க, அவ்வளவுதான். மேலே விஜயா தன் மகளின் கணக்கு டீச்சரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

"சார்..." என்று நானும் ஆரம்பித்தேன். ஆமாம், காட்டெருமையைத்தான். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கு இடது முழங்கால்ல வலி. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னாரு. மலையில ஓட்டச் சொல்லல. அது நானா எடுத்த முடிவு..." இப்படியே போனது. என் மனைவி பஸ்ஸைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். பின்சக்கரத்துக் கிரீஸையும் சொன்னேன்.

அது சற்று நேரம் என்னைப் பார்த்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, பள்ளத்துப் பக்கம் போகாமல் மேட்டில் ஏறி, செடிகளுக்கு நடுவே நிதானமாக நடந்து சோலைக்குள் போய்விட்டது.

அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

கூடையோடு ஒரு அம்மாள் மேலேறி வந்தார். வள்ளியம்மா, அறுபது வயதிருக்கும், அந்தக் குழுவில் மூத்தவர். "என்னாங்க தொரை, சொல்லாம கொள்ளாம வாறீங்க?" என்று கேட்டார். "சைக்கிள்ல ஏறினா வாய் போயிருமா? நீங்க ஊமையாட்டம் வந்தா அதுக்கு எப்பிடித் தெரியும்? எங்க பக்கம் பாஞ்சிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க?"

வெட்கமாக இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

பிரவீன் வெளிறிப்போய் வந்து சேர்ந்தார். "சார், இது சரிப்பட்டு வராது. வேண்டாம். நாளைக்கு ஒரு கெஸ்டுக்கு எதாவது ஆச்சுன்னா நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வேற ரூட் பார்த்துக்கலாம்."

நான் விழுந்ததில் திரும்பிப்போயிருந்த ஹேண்டில்பாரை நேராக்க, விஜயா என் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு முறுக்கிக்கொண்டிருந்தார். 'நான்தான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

தப்பை ஒப்புக்கொள்ளும்போது சுற்றி வளைத்து நீளமாகப் பேசுவது என் கெட்ட பழக்கம். அன்று சுருக்கமாகவே வந்தது. "பிரவீன், ரூட்ல ஒண்ணும் தப்பு இல்லை. அவங்க சொன்னதை நான் கேட்கலை. வேணும்னே முன்னாடி வந்தேன். இதுக்கு அவங்க வேலை போச்சுன்னா அது என்னால போச்சு."

பிரவீன் கீழே சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பறித்துக்கொண்டே இருந்தார்கள். ரேஷன் கடைக்காரர் இன்னும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தினம் இங்க வேலை செய்றீங்களே அம்மா, பயமா இல்லையா?" என்று பிரவீன் வள்ளியம்மாவிடம் கேட்டார்.

"பயம் இல்லாமயா இப்பிடிப் பேசிக்கிட்டே கெடக்கோம்?" என்றார் அவர். கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் மலையைப் பற்றி எழுதியிருக்கிறேன். எழுதிய ஒவ்வொரு தடவையும் 'அமைதி' என்ற வார்த்தையைப் போடாமல் விட்டதில்லை. அமைதி நமக்கு ஒரு சுகம், வார இறுதியில் வந்து அனுபவித்துவிட்டுப் போகலாம். இங்கே பிழைக்கிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. நான் இங்கே இருக்கிறேன், நீ கொஞ்சம் தள்ளிப் போ என்று மாட்டுக்கும், நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று ஒருவருக்கொருவரும், காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அதைப் போய்க் கூச்சல் என்று நினைத்தேன்!

மீதி இறக்கத்தை மூன்று பேரும் பேசிக்கொண்டே இறங்கினோம். முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டு வளைவு தாண்டியதும் பிரவீன் திடீரென்று, ஏழு மாதமாகத் தன் அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை என்றார். நாலாவது வளைவில் காரணம் சொன்னார். கல்திட்டை வருவதற்குள் அழுதும் முடித்திருந்தார். நான்கு வருட நட்பில் அவர் எனக்குச் சொல்லாத விஷயம் அது. விஜயா, "ஊட்டுக்குப் போயி மொதல்ல போனப் போடுங்க சார்" என்று உத்தரவு போட்டார். கல்திட்டைக்கு முன்னால் நின்று ஒருவரும் போட்டோ எடுக்கவில்லை.

ஆனால் வேலை விஷயமாகப் பிரவீன் ஒன்றும் சொல்லாமல்தான் பிரிந்தார். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. கோவைக்கு வந்த பிறகும் இரண்டு நாள் சரியாகத் தூக்கமில்லை. முந்தாநாள் விஜயாவுக்குப் போன் செய்தேன்.

"வந்துருச்சுங்க சார்!" அவர் குரலே வேறாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை மொத ட்ரிப். எட்டுப் பேரு. வளைவுல பேசாம வர்றவங்கள எறக்கி நடக்க விட்டுருவோம்னு பிரவீன் சாரே எழுதிக் குடுத்துட்டாரு. திருப்பூர் வேண்டாம்னு ஊட்டுக்காரரும் சொல்லிட்டாருங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "வேற ஒண்ணும் கண்டிஷன் இல்லையே?" என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க..." என்று இழுத்தார். "நீங்க வந்தா மட்டும் முன்னாடி விடக் கூடாதாம்."

நியாயமான கண்டிஷன்தான்.