ஆளை வெட்டினால் கையெழுத்து

தெருவில் அவருக்கு வழங்கும் பெயர் தாடை. பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை வைத்திருக்கிறார். ஸ்டூலில் வந்து உட்காருகிறவர்களிடம் இருபத்தாறு வருடமாக அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "தாடையத் தூக்குங்க, சிரிக்காதீங்க." சொந்த மகளின் கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பார்த்தும் அதையே சொல்லி வைத்தார் என்று அவர் மனைவி இன்றைக்கும் குத்திக் காட்டுவார்.

ஆள் இப்படி, ஆசையோ வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய ஃபிலிம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தெருவில் இளம் ஜோடிகளை அவர்கள் அறியாத நேரத்தில் கறுப்பு வெள்ளையில் எடுக்கக் கிளம்பிவிடுவார். வாரத்தில் ஆறு நாளும் சிரிக்காதே, சிரிக்காதே என்று சொல்பவனுக்கு ஏழாம் நாளாவது சிரிக்கிற முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருக்காதா என்பது அவர் கட்சி. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. எடுத்த கையோடு போய்ச் சொல்லி அனுமதி கேட்பார். மாட்டேன் என்றால் அந்தப் படத்தைப் பிரிண்ட் போடவே மாட்டார்.

கோளாறு அவர் வாயில் இருந்தது. எதிரே ஒரு ஜோடி தங்களை மறந்து பேசிக்கொண்டிருக்கும். வெளிச்சம் அமோகமாக இருக்கும். கண்ணைக் கேமராவில் வைத்து விரலை அழுத்தப் போகிற அந்த நொடியில் வாய் தானாகத் திறந்து, "தாடையத் தூக்குங்க" என்று சொல்லிவிடும். அவ்வளவுதான், இரண்டு பேரும் திடுக்கிட்டு நிமிர்ந்து விறைத்துக்கொள்வார்கள். இப்படியே எட்டு வருடமாக, நடுத்தெருவில் நின்று விசாவுக்கு விண்ணப்பிக்கிற மாதிரியான ஜோடிகளையே எடுத்துக் குவித்தார். புகைப்படக் கழகம் ஆண்டுதோறும் நூலக மண்டபத்தில் கண்காட்சி வைக்கும். எட்டு முறை அனுப்பினார், எட்டு முறையும் திரும்பி வந்தது. கடைசி முறை கழகச் செயலாளர், பின்னணியில் நீலத் துணி ஒன்றுதான் குறை என்று சொல்லி அனுப்பினார். மனுஷனுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. செத்தாலும் அந்த மண்டபச் சுவரில் ஒரு படம் தொங்கிய பிறகுதான் என்று மனைவியிடம் சொன்னார். குளியலறையை ஃபிலிம் கழுவும் டார்க் ரூம் ஆக்கிவிட்டதால் எட்டு வருடமாக ஞாயிறு மாலைக் குளியலை மறந்திருந்த அந்த அம்மாள், சீக்கிரம் தொங்கட்டும் என்றார்.

அதிர்ஷ்டம் கடைவாய்ப் பல்லின் வழியாக வந்தது. சனிக்கிழமை பல்லைப் பிடுங்கிய டாக்டர், வாய் நிறையப் பஞ்சை அடைத்து, ஒரு நாள் வாயே திறக்கக் கூடாது என்றார். மறுநாள் அப்படியே கேமராவோடு கிளம்பிவிட்டார். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்ணின் செருப்பு வார் அறுந்துவிட்டது. கூட வந்த பையன் குந்தி உட்கார்ந்து அதை ஒரு ஊக்கால் கோக்கப் பார்க்கிறான். அவள் அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தள்ளாடுகிறாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அழுத்தினார். வாழ்க்கையில் முதல் முறையாக வாயிலிருந்து சத்தமே வரவில்லை. ஆனால் வழக்கம்போலப் போய் அனுமதி கேட்கவும் முடியவில்லை. பஞ்சு வாயோடு அவர் என்னவோ முனக, அவர்கள் பயந்துபோய் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து, கழகம் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தது. நுழைவாயில் சுவரில், ஆளுயரத்துக்கு வைப்பார்களாம். ஒரே நிபந்தனை, படத்தில் இருக்கும் இருவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை இரவுக்குள் வர வேண்டும். அவர்கள் யார், எந்த ஊர் என்றே தெரியாமல் தாடை திண்டாடினார். மனைவிதான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, பையனின் சட்டை முதுகில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றின் பெயர் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

கம்பெனியில் பையன் கிடைத்தான். படத்தைப் பார்த்ததும் அவன் முகம் தொங்கிவிட்டது. இரண்டு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லையாம். "அவள வெட்டிடுங்க சார், நான் கையெழுத்துப் போடுறேன்" என்றான். அவள் வேலை செய்யும் மருந்துக் கடை எங்கே என்று மட்டும், பெயரைச் சொல்லாமல், கையைக் காட்டினான். அங்கே போனால் அந்தப் பெண் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, அந்த ஆளை எடுத்துவிட்டால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றாள். இவன் சொன்னது அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர் பாவம், நடுவில் விழித்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் கணவனும் மனைவியும் இரண்டு பிரிண்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தார்கள். பெண்ணை வெட்டினால், ஒரு பையன் தலையில் யாரோ ஒருவரின் கையோடு, ஒற்றைப் பாதத்தைப் பார்த்துச் சிரித்தான். பேய்ப் படம்போல இருந்தது. பையனை வெட்டினால், ஒரு பெண் கொக்கு மாதிரி நின்று காற்றைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பார்த்த அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாடைக்கு அழுகைதான் வந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு கிடைத்ததை இப்படிக் கூறு போடுவதா?

ஆனாலும் வியாழக்கிழமை இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார். பையன் தன் பாதியை நெடுநேரம் பார்த்தான். அந்தப் பாதத்தையும் கையையும்கூட எடுத்துவிடலாம், கொஞ்சம் நெருக்கி வெட்டினால் போதும் என்று இவரே வலியச் சொன்னார்.

"வேண்டாம் சார்" என்றான். "செருப்பு அறுந்தது உண்மைதானே. கால் இருக்கட்டும்."

கையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்தும் போடவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றான்.

மருந்துக் கடையில் அந்தப் பெண் தன் பாதியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல நான் எதப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்?" என்று கேட்டாள்.

"எதையும் இல்லம்மா. நீங்கதான் வெட்டச் சொன்னீங்க."

"பாக்கறவங்க, நான் விழப்போறேன்னு நெனப்பாங்களே."

இன்னொரு பாதி எங்கே என்றாள். கொடுத்தார். கால் இருக்கட்டும் என்று அவன் சொன்னதையும் சொன்னார். சாமர்த்தியமாகச் சொல்லவில்லை, அவருக்கு அதெல்லாம் வராது, காதில் விழுந்ததைச் சொன்னார். அவள் இரண்டு பாதியையும், அவர் மேசையில் வைத்த படிவத்தையும் மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து இழுப்பறையில் போட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை வரைக்கும் தாடை ஒரு வாடிக்கையாளரையும் தாடையைத் தூக்கச் சொல்லவில்லை. கடையை அடைக்கிற நேரத்தில் அந்தப் பெண் உள்ளே வந்து படிவத்தை நீட்டினாள். "நாங்க சேந்துட்டோம்னு நெனச்சுக்காதீங்க" என்றாள். "பேச ஆரம்பிச்சிருக்கோம், அவ்வளவுதான்."

வாசலில் அந்தப் பையன் பாஸ்போர்ட் படத்துக்கான விலைப்பட்டியலை மனப்பாடம் செய்கிறவன் மாதிரி படித்துக்கொண்டிருந்தான். தாடை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தைப் பார்த்தார். ஆளுக்கொரு படிவம் கொடுத்திருந்தார், வந்தது ஒன்றுதான். நிபந்தனை என்ற இடத்தில், யாரையும் வெட்டக் கூடாது என்று எழுதியிருந்தது. கீழே இரண்டு கையெழுத்து, இரண்டும் ஒரே பச்சை மையில்.