டுரியான் மரத்தடியில்

சுங்கை சிப்புட்டைத் தாண்டிய காட்டுப் பாதையில் மரத்தடி ஏற்றும் பாலாக் லாரி ஒரு மணி நேரமாக நிற்கிறது. மரம் வெட்டுமிடத்தில் வேலை கேட்டுப் போகிற நான், ஓட்டுநருக்குப் பக்கத்தில் எரிச்சலோடு வியர்த்துக்கொண்டிருக்கிறேன். பாதைக்காக வெட்ட வேண்டிய டுரியான் மரத்தடியில் பூர்வகுடித் தலைவர் ஒருவர் உட்கார்ந்துவிட்டார்.

"கௌபாய் படத்துல வர்ற அப்பாச்சி தலைவர்னு நெனப்பு லா!" என்கிறார் ஓட்டுநர். "பட்டா எங்கன்னு கேட்டா மரத்தக் காட்டுறாரு. தாத்தா நட்டதாம், அதான் பட்டாவாம்."

"அது நியாயந்தானே, அண்ணே?" என்கிறேன்.

"ஒங்களுக்கு வேலை வேணுமா, வேணாமா?"

நாங்கள் வேலை பார்த்த தோட்டத்தை முதலாளி விற்றபோது, அப்பா நட்ட ரப்பர் மரங்களைப் பற்றி வாய் திறக்காமல், சொன்ன நாளில் லயத்து வீட்டைக் காலி செய்தவன் நான். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

கதவைத் திறந்து இறங்குகிறேன். தலைவர் சற்று நகர்ந்து இடம் விடுகிறார்.