சோக் கம்பிக்கு விட்ட எண்ணெய்

நேற்றுத்தான் குளிர்மலை நுவரெலியாவுக்கு மகள் வீட்டுக்கு வந்தேன். இன்று காலை குசினியில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாய் உறைந்து கிடந்தது, கவிழ்த்தும் ஒரு சொட்டு விழவில்லை. எனக்கு வாப்பாமேல் கோபம் வந்தது.

யுத்த காலத்தில் ஏறாவூர் வாவிக்கரையில் வாப்பாவின் தகரக் கராஜ் இருந்தது. பெற்றோலும் கருவாடும் கலந்து மணந்த அந்த இடத்தில் இப்போது மதில்தான் நிற்கிறது. மெஷின் எண்ணெய் கிடைக்காததால் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். ஊருக்கு வந்துபோகும், மலைநகரான பண்டாரவளை டாக்டரின் இரண்டு இருக்கைப் பந்தயக் காருக்கு, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ண இழுக்கும் சோக் கம்பி பூட்டியபோதும், குமிழை இழுப்பதும் தள்ளுவதுமாக, உறைக்குள் கம்பி வழுவழுவென்று ஓடும்வரை அதையேதான் விட்டார்.

அடுத்த கிழமை டாக்டர் வந்து கத்தினார்.

"பாஸ், விடியக்காலையில கம்பி அசையுதே இல்ல! கார் ஸ்டார்ட் ஆகாம பிள்ளைத்தாச்சி ஒருத்தியப் பாக்க நடந்து போனன்!"

"இழுத்துப் பாருங்க ஐயா," என்றார் வாப்பா.

டாக்டர் இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது.

"காருக்கு எங்கட ஊர்தான் பிடிச்சிருக்கு," என்று வாப்பா சிரித்தார்.

"இன்னொருக்கா இறுகினா வேற கராஜ் பாஸைப் பாப்பன்."

இங்கே ஓடும் கம்பி மலையில் ஏன் மறுக்கிறது என்று நானும் பொனெற்றுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை, உறைந்த எண்ணெயை எங்கள் ஊரில் யார் கண்டது? எங்களிடம் வந்த ஒரே கார் அது, மற்றதெல்லாம் ஓட்டை லொறிகள். அதையும் இழக்கப் பயந்த வாப்பா, கம்பியைக் கழற்றி, இந்த முறை இரண்டு மடங்கு எண்ணெய் ஊற்றிப் பூட்டி, காரை மலைக்கு அனுப்பிவைத்தார்.