மலை ஏறிப் பழக்கம் உண்டா?

லடாக்கில், காற்று ஆளையே தள்ளிவிடும் ஒரு கணவாய்க்குப் போவதென்று நானும் பக்கத்து மேஜை அக்காவும் முடிவு செய்தபோது, அண்ணாமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் வேங்கிக்கால் ஆபீஸில் ஒருவரும் நம்பவில்லை. அதனாலேயே எனக்கு உற்சாகம் ஜாஸ்தியாகிவிட்டது. ஃபைலுக்குள் வரைபடத்தை ஒளித்து வைத்துத் தினமும் பார்த்தேன். மூச்சு பழகட்டும் என்று ஞாயிறுதோறும் வெறுங்காலோடு கிரிவலம் போனோம். புது ஸ்வெட்டரும் உடம்புக்குப் பழக வேண்டுமே என்று அதையும் மாட்டிக்கொண்டோம். அடி அண்ணாமலை வருவதற்குள் இருவரும் வியர்வையில் தொப்பலாகிவிடுவோம்.

கடைசியில் டிராவல்ஸ்காரருக்கு ஆபீஸிலிருந்தே போன் செய்தோம். ஸ்பீக்கரில் அவர் கேட்டார்: "மலை ஏறிப் பழக்கம் உண்டுங்களா?"

"இருபது வருஷமா மலையைச் சுத்தறோம்" என்றார் அக்கா.

"சுத்தறது சரிங்க. ஏறியிருக்கீங்களா?"

ஜன்னல் நிறைய அண்ணாமலை நின்றது. அதுவரை எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது சாமிங்க. சாமி மேல போய்க் காலை வைப்பாங்களா? உங்க மலையில அந்தப் பயம் இல்லன்னா சொல்லுங்க, ஏறிடறோம்."