வேற வீட்டு ரத்தம்

டயகமத் தேயிலைத் தோட்டத்துக்கு மீனம்மா வாழ்க்கைப்பட்டு வந்த புதுசு. மாத்தளை வெயிலில் வளர்ந்த உடம்பு. மழையும் பனியும் சேர்ந்து இறங்கிய ஒரு காலையில், கொழுந்து கிள்ள அவளுக்கு விரல் மடங்கவில்லை. கங்காணி மேலே நின்று கத்துகிறார். பக்கத்து நிரையில் நின்ற அம்மாக்கண்ணு கங்காணி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடியை அவிழ்த்து, இருந்த ஒரே வெற்றிலையில் பாக்கும் புகையிலையும் வைத்து மடித்து மீனம்மா கையில் திணித்தாள்.

"கன்னத்துல அடக்கிக்க புள்ள. குளிரும் ஓடும், பசியும் ஓடும்."

தலை சுற்றியது. அப்புறம் உடம்பில் சூடு ஏறியது. அன்றைக்கு மத்தியானம் வரை அம்மாக்கண்ணு வெறும் வாயோடு நின்றதை மீனம்மா பிறகுதான் கவனித்தாள். அதிலிருந்து அவள் அக்கா, இவள் தங்கச்சி. லயத்து வரிசை வீடுகளில் இருவர் குடியிருந்த காம்பிராவும் அடுத்தடுத்துத்தான்.

அம்மாக்கண்ணுவின் மாமியார் செத்தது கன்னம் அழுகித்தான். நாத்தனாரும் அப்படியே. "பொன்னையா வீட்டு ரத்தத்துலயே புத்துநோய் ஓடுது" என்று லயமே சொன்னது. பொன்னையாவுக்கு வாழ்க்கைப்பட்ட அம்மாக்கண்ணுவும் அதை நம்பினாள். ஒரே மகள் லெட்சுமிக்காக வருசம் தவறாமல் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தாள். தனக்கென்று ஆத்தாவிடம் எதுவும் கேட்டதில்லை.

"எனக்கு எங்கேருந்து வரும்? நான் வேற வீட்டு ரத்தம்ல" என்று சிரித்துக்கொண்டே அடுத்த வாய்க்கு மடிப்பாள்.

லெட்சுமிக்கு இறம்பொடையில் ஒரு மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் முத்துலிங்கம் வந்து பார்த்தார்; பெண் பிடித்துப்போயிற்று. பிறகு யாரோ ரத்தக் கதையை ஓதிவிட, பரிசம் போடுகிற பேச்சு நின்றுபோனது.

அந்த நாளில்தான் அம்மாக்கண்ணு ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்து விழுங்குவதை மீனம்மா பார்த்தாள்.

"வாயைத் தொறக்கா."

"ஒண்ணுமில்ல போடி. பல்லுவலி."

தாடையைப் பிடித்துத் திறந்தாள். இடது கன்னத்தின் உள்ளே கொடுக்காய்ப்புளிச் சுளை மாதிரி வெளுத்துத் தடித்து, நடுவில் குழி விழுந்திருந்தது. மீனம்மா வாசல் பக்கம் திரும்ப, அம்மாக்கண்ணு கையைப் பிடித்தாள்.

"ஊரைக் கூட்டிறாத தாயி. ஆத்தாக்காரிக்கும் புத்துன்னு தெரிஞ்சா எம்புள்ளைய எவன் கட்டுவான்? பரிசம் முடியட்டும்."

மாசங்கள் போயின. பரிசமும் நடக்கவில்லை, புண்ணும் நிற்கவில்லை. கடைசியில் மீனம்மாதான் அழுது மிரட்டி டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் ஐயா மீனம்மா சொன்ன ரத்தக் கதையையும் கேட்டு, வாயையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பொகையிலைய எந்தப் பக்கம் அடக்குவ?"

"இந்தப் பக்கந்தானுங்க."

"புண்ணும் அந்தப் பக்கமே. ஒங்க மாமியார் எந்தப் பக்கம்?"

"அவுங்க வலதுப் பக்கம் அடக்குவாங்க..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். மாமியாருக்கு அழுகியதும் வலது கன்னந்தான்.

"ரத்தத்துல ஒண்ணுமே இல்லைன்னு சொல்லமாட்டேன். சில குடும்பத்துல வழிவழியா வர்றதும் உண்டு. ஆனா ஒனக்கு வந்தது அந்த ரத்தமா? ஒங்க வீட்டுல கைமாறி கைமாறி வந்தது பொகையில." சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார். "முன்னமே வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம். இப்ப கொழும்புக்குத்தான் அனுப்பணும். கன்னத்துக்குக் கதிர்க் கரண்டு வைப்பாங்க. பார்ப்போம்."

வரும் வழியெல்லாம் அம்மாக்கண்ணு அழவில்லை. முத்துலிங்கத்துக்கு ஆள் அனுப்பச் சொன்னாள். அவரும் வந்து, கன்னம் உப்ப வெற்றிலையோடு காம்பிராவுக்குள் உட்கார்ந்தார்.

"அண்ணே, மறைக்க மாட்டேன். எனக்கும் வந்திருச்சு" என்று வாயைத் திறந்து காட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் இந்த வீட்டு ரத்தமாண்ணே? நீங்களே சொல்லுங்க. எங்க வழியில யாருக்கும் இல்ல. மாமியா வெத்திலப் பெட்டிய எங்கிட்டக் குடுத்தாங்க, அதோட வந்துச்சு. எம்மக பொகையில தொட்டதில்ல, தொடவும் மாட்டா. ஆத்தா மேல சத்தியம்."

முத்துலிங்கம் எழுந்து வெளியே போனார். போயேவிட்டார் என்று மீனம்மா வாசலில் எட்டிப் பார்த்தாள். சாக்கடைக் காண் ஓரமாக நின்று வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத் திரும்பி வந்தார்.

"தை மாசம் வச்சுக்குவோம் தங்கச்சி."

"அண்ணே, துப்புனதை மறுபடி போட்டுறாதீங்க" என்றாள் அம்மாக்கண்ணு. அவர்கூடச் சிரித்துவிட்டார்.

தைக் கல்யாணத்தைக் கண்ணால் பார்க்கிற பாக்கியத்தை அம்மன் அவளுக்குக் கொடுத்தாள். அதற்கு மேல் கொடுக்கவில்லை. கொழும்பில் கரண்டு வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். புண் ஆறாமல், மாசிக்குப் பிறகு மறுபடி கூட்டிப் போகும்படி ஆனது. தலவாக்கலை ஸ்டேசனில் பொன்னையா அவளைத் தாங்கி ரயிலில் ஏற்றினார். மீனம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகையை அடக்க, வழக்கம்போல வாயில் ஒரு வெற்றிலை-புகையிலை மடிப்பு இருந்தது.

அம்மாக்கண்ணு துணியால் சுற்றிய தாடையை மெல்ல அசைத்தாள். குளறித்தான் வந்தது, ஆனாலும் மீனம்மாவுக்கு விளங்கியது. கையை நீட்டி, உப்பியிருந்த அவள் கன்னத்தைத் தொட்டுச் சொன்னாள்:

"அன்னைக்கு மழையில நான் குடுத்தத... துப்பிரு தாயி."