கவர்னர் விழும் காட்சி

காலை ஆறே முக்காலுக்குப் பழவேற்காட்டு முகத்துவாரத்தில் முதலில் கண்ணில் பட்டவர், டச்சுச் சிப்பாயின் தொப்பியும் லுங்கியுமாக நின்ற பசியாவரம் கிராமத்து மீனவர் ஒருவர். டச்சுக்காரர் ஆட்சியைக் கிண்டல் செய்யும் நகைச்சுவைப் படம் ஒன்றின் படப்பிடிப்பு அது, செய்திக்காகப் போயிருந்தேன். டீ குடிக்கும்போதும் அவர் பார்வை தண்ணீரைவிட்டு நகரவில்லை.

கவர்னராக நடித்தவர் படகிலிருந்து விழுந்து "காப்பாத்துங்க" என்று அலற, சிப்பாய்கள் சிரிக்க வேண்டும். மூன்று முறை எடுத்தார்கள்; மூன்று முறையும் அந்த மீனவர் குதித்து அவரைத் தூக்கிப் படகில் போட்டார்.

"யோவ், அவரு நடிக்கிறாருயா" என்றார் இயக்குநர்.

"தெரியுது சார். போன ஐப்பசில என் தம்பியும் இங்கதான் கத்துனான். வெளையாடுறான்னு நாங்க சிரிச்சினு இருந்தோம்."

தொப்பியை வாங்கிக்கொண்டு அவரைக் கரைக்கு அனுப்பினார்கள். நான்காம் முறை சிப்பாய்கள் சிரித்தார்கள். காட்சி சரியாக வந்தது. அப்போது அந்த மீனவர் கரையிலிருந்து இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார்.